கை படிய எத்தனை நாள்

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு, பாதிச் சாப்பாட்டில் கை காய உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா, "என்ன சொன்னா? முகத்துல ஈயாடலையே" என்றாள். "வேலைய விடப்போறாளாம்" என்றேன். "எதுக்காம்?" என்றாள். அவளுக்குச் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா என்று பார். "என் கணக்கு தப்பாப் போனா பேப்பர்ல தப்பாகுறதில்லப்பா, பாக்கியம் அக்கா கையில தப்பாகுது. இனிமே எனக்கு இந்தப் படம் போடுற வேலையே வேண்டாம்." இதைச் சொல்லும்போது நீ அழவில்லை. அழுதிருந்தால் ஒரு அதட்டுப் போட்டுச் சமாதானம் பண்ணியிருப்பேன். நிதானமாகச் சொன்னாய், அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. முப்பது வருஷமாக இந்தப் பட்டாசுக் கம்பெனியில், நம் வெடி ஆபீசில், போர்மேனாக இருந்து நான் எழுதியதெல்லாம் ஆள் வரவும் லோடு சீட்டும்தான். கடிதம் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கணக்கு தப்பாகவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் மிச்சக் கடிதம்.

எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற மகள்மேல் அப்பனுக்குப் பொறாமை வருமா என்று நாலு பேர் கேட்பார்கள். வரும், எனக்கு வந்தது. இன்று நேற்று வந்ததும் இல்லை. உனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். நம் வீட்டில் மோட்டார் போட்டால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் சுவிட்சைப் போட்டுவிட்டு, குழாயில் சத்தத்தைக் காணோமே என்று நிறுத்துவேன், மறுபடி போடுவேன், வால்வைத் திருகுவேன், மோட்டார் மாட்டினவனைத் திட்டுவேன். ஒருவழியாக ஏறத் தொடங்கியதும் அந்தக் கோபத்திலேயே வெளியே போய்விடுவேன். தொட்டி நிறைந்து தெருவெல்லாம் ஓடும். தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற நம் தெருவில் அதற்கு என்ன பேச்சு விழும் என்று உனக்கே தெரியும். ஒருநாள் நீ சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தாய். பிறகு சுவிட்சுக்குக் கீழே பென்சிலால் எழுதினாய்: 'ஏற நாலு நிமிஷம். நிறைய இருபது நிமிஷம். அதுவரை அப்பா சும்மா இருக்கவும்.' உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சுவரில் கிறுக்கிவிட்டாய் என்று நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். கிறுக்கினதற்கு இல்லை அம்மாடி. எட்டு வருஷம் நான் மல்லுக்கட்டின மோட்டாரை நீ ஒரு சாயங்காலத்தில் அடக்கிவிட்டாயே, அதற்கு. அன்றைக்குப் பிறகு நம் தொட்டி வழிந்ததே இல்லை. அதை நான் உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன வைகாசியில் முதலாளி வீட்டுக் காதுகுத்துக்கு நீயும் வந்திருந்தாய். "நம்ம போர்மேன் மக என்ன வேலை பாக்குது?" என்று அவர் கேட்டார். ஒரு கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது, இங்கே ஒன்றைத் தொட்டால் எத்தனை நாள் கழித்து எங்கே போய் இடிக்கிறது என்று படம் போட்டு, அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற வேலை, சிஸ்டம் டைனமிக்ஸ் என்று பேர், என்று நீ சொன்னாய். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் வரப்போகிற சீசனை இப்போதே ஓட்டிப் பார்க்கலாம் என்பது மட்டும் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. "அப்ப நம்ம கம்பெனிக்கும் ஒண்ணு போட்டுக் குடு பாப்பா. வருசா வருசம் ஆடி பொறந்தா ஆர்டர் குமியுது. எம்புட்டு ஆள் எடுத்தாலும் சரக்கு வெளிய போகமாட்டேங்குது. ஏன்னே தெரியல" என்றார். அந்த 'ஏன்னே தெரியல' எனக்குச் சுருக்கென்றது. நான் பக்கத்திலேயே பந்திக்கு இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஏன் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்: எடுக்கிற ஆள் காணாது, இன்னும் ஆள் வேண்டும். நான் சொன்னால் அது போர்மேன் புலம்பல், நீ சொன்னால் படம்.

நீ இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தாய். சிவகாசி அச்சாபீசில் பழுதுபட்ட காலண்டர் தாள் ஒரு கட்டு வாங்கி, அச்சான பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் ஆரம்பித்தாய். ஒரு பெட்டி, அதற்குள் 'புது ஆள்'. பக்கத்தில் இன்னொரு பெட்டி, 'கை படிந்த ஆள்'. முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் அம்பு. இரண்டாவதிலிருந்து வெளியே ஓர் அம்பு, அது வேலையை விட்டுப் போகிறவர்கள். "நம்ம மேல் தொட்டிதாம்ப்பா. வர்ற தண்ணி, போற தண்ணி, நடுவுல எம்புட்டு நிக்குது, அம்புட்டுத்தான்" என்று எனக்கு விளக்கம் சொன்னாய். பழைய மோட்டார் ஞாபகம் வந்து எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. புது ஆள் கூடினால் பழைய ஆள் தன் வேலையை விட்டுவிட்டு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதனால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் போர்மேன் விரட்டுவான், விரட்டினால் பழைய ஆள் வெறுத்துப்போய் நின்றுவிடும், அந்த இடத்துக்கு இன்னும் புது ஆள் வரும் என்று ஒரு வட்டம் போட்டாய். "இது இப்படிச் சுத்துதான்னுதாம்ப்பா பாக்கணும்" என்றாய். எனக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. அது சுற்றுவதை நான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். நடுவில் நின்று சுற்றிவிட்டவனே நான்தான். நல்ல நல்ல கையெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்காரன் ஆசைகாட்டிக் கூட்டிப்போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் வட்டத்தைப் பார்த்த நிமிஷமே அவர்கள் ஏன் போனார்கள் என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் உன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வெடிச் சரம் பின்னுகிற பகுதியில் பாக்கியத்தைப் போல ஒரு கை நம் சாத்தூர் வட்டாரத்திலேயே கிடையாது என்பது உனக்கும் தெரியும். என்னிடம் அவள் இருபது வருஷமாகப் பேசியதெல்லாம் 'ஆகட்டும் அண்ணாச்சி', 'சரி அண்ணாச்சி', இந்த இரண்டுதான். நீ வந்த மூன்றாம் நாள் அவளோடு வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அவள் ஆற்று வெள்ளம் மாதிரிப் பேசுகிறாள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்க் காதைக் கொடுத்தேன். "சீசன்ல ஆள் எடுக்கக் கூடாது பாப்பா. தீவாளி முடிஞ்சு கம்பெனி தொறந்ததும் ரெண்டு ரெண்டாத்தான் எடுக்கணும். ஒரு பழைய ஆளுக்கு ரெண்டு புது ஆளுக்கு மேல தள்ளக் கூடாது. உங்கப்பா ஆறு ஆளத் தள்ளுவாக. நான் கையப் பாப்பேனா, பிள்ளைகளப் பாப்பேனா?" என்கிறாள். இதை ஏன் இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவில்லை? அவள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கிடைக்காத பேச்சு உனக்குக் கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான் தோன்றியது.

நீ என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது மறுநாள் காலை. காயப்போடும் மேடை பக்கத்தில் நான் நிற்கிறேன். முதலாளி காரிலிருந்து இறங்கி, "பாப்பா, டீ குடிச்சியா?" என்று உன்னிடம் கேட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். நீ சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, "அப்பா, புதுசா வர்ற ஒரு ஆளுக்குக் கை படிய எத்தனை நாள் ஆகும்? பாக்கியம் அக்காட்டக் கேட்டேன். 'அத உங்கப்பாட்டக் கேளு, அவுகளுக்குத்தான் துல்லியமாத் தெரியும்'னு சொல்லிட்டாங்க" என்றாய்.

நம் தொழிலில் கை படிவது என்றால் வேலை தெரிவது இல்லை. சரம் பின்ன யாரும் மூன்று நாளில் கற்றுக்கொள்வார்கள். வெடிமருந்து இருக்கிற தட்டை இழுக்கக் கூடாது, உரசினால் தீப்பிடிக்கும், தூக்க வேண்டும். இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்கிறோம், அவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதும், வீட்டுக்குப் போக வேன் ஹாரன் அடிக்கும்போதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று புத்தி எங்கோ கிடக்கும்போதும், கை தானாகத் தூக்க வேண்டும். அதுதான் கை படிவது. அதற்கு மூன்று மாதம் வேண்டும். எனக்கே அதற்கு மேல் பத்து நாள் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் இந்தக் கணக்கை. உன்னிடம் நான், "ஒரு வாரம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஒரு வாரம் என்றால் உன் வட்டம் சுற்றாது. புது ஆள் வந்து எட்டாம் நாள் பழைய ஆள் ஆகிவிடும். யாரும் யாருக்கும் பாரமில்லை. ஆள் எடு, இன்னும் எடு என்று நான் கத்தினதுதான் சரி என்று உன் கம்ப்யூட்டரே சொல்லும். அதற்காகத்தான் சொன்னேன். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. நீ அன்று சாயங்காலம் இன்னொரு தடவையும் வந்தாய். அது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு மறக்கவில்லை. "அப்பா, இந்த ஒரு நம்பர்தான் எல்லாத்தையும் புரட்டுது. ஒரு வாரம்னா ஒரு பக்கம் போகுது, மூணு மாசம்னு போட்டா அப்படியே எதிர்ப்பக்கம் போகுது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாய். என் வாயிலிருந்து வரவேண்டிய மூன்று மாதம் உன் வாயிலிருந்து வருகிறது. எனக்கு இன்னும் ஏறிவிட்டது. "முப்பது வருசமா நான் என்ன மண்ணாங்கட்டியா பிடிச்சுக்கிட்டு இருந்தேன்? ஒரு வாரம்னா ஒரு வாரந்தான்" என்று விழுந்தேன். "கோவிக்காதீங்கப்பா, நீங்க சொன்னாச் சரி" என்று எழுதிக்கொண்டாய். '7 நாள்'. நீ ஏழு போடும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு இழுப்பாயே, அப்படி.

முதலாளி அறையில் நீ அந்தத் தாளை ஒட்டி விளக்கியபோது நான்கு பேர்தான் இருந்தோம். நீ, நான், முதலாளி, வேலையாட்கள் சார்பில் பாக்கியம். படம் நான் நினைத்தபடியே சொன்னது. ஆடியில் ஆள் எடுக்கலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். சரி, இப்போதாவது அவர் என் பக்கம் திரும்பி 'நீங்க அப்பவே சொன்னீகளே போர்மேன்' என்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் உன்னைப் பார்த்து, "பாப்பா கண்டுபிடிச்சிருச்சுய்யா! கம்ப்யூட்டர்ல போட்டுல்ல பாத்திருக்கு" என்கிறார். என் வார்த்தைதான், அதற்கும் மாலை உன் கழுத்தில். மூக்கறுபட்டு உட்கார்ந்திருக்கும்போதே அவர் அடுத்ததையும் சொன்னார். "ஒரு வாரத்துல கை படிஞ்சிருமுன்னா எட்டாம் நாளு தனியா உக்காரட்டும். கூட ஒரு பழைய ஆள் எதுக்கு?" பாக்கியம் சுவரில் இருந்த அந்த '7'ஐப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மோட்டார் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டியபோது குதித்தவன், பேச வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குப் போனில் சொன்னதுதான். ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. காரியாபட்டிப் பக்கம் வேன் அனுப்பி ஆள் எடுத்தோம். அதில் ஒரு பெண், வந்து பன்னிரண்டாம் நாள், தனியாக உட்கார்ந்து ஐந்தாம் நாள். ஆவணி வெயில், காலை பதினொரு மணி. திடீரென்று மேகம் கறுத்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, சீக்கிரம் அள்ளு என்று நான்தான் கத்தினேன். அவள் பயந்துபோய் மேடையில் காய்ந்துகொண்டிருந்த தட்டைத் தூக்காமல் இழுத்தாள். பாக்கியம் தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைப் பிடித்து மரத்துப் பக்கம் தள்ளினாள். தள்ளின வலது கையில்தான் தீ பிடித்தது. திறந்த வெளி என்பதால் அதோடு போனது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. பாக்கியத்துக்குப் புண் ஆறிவிட்டது, இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. அன்றைக்கு நான் போன் பண்ணினபோது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அந்தப் பொண்ணு வந்து எத்தனை நாள்ப்பா?" "பன்னெண்டு" என்றேன். "பன்னெண்டா" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாய். நீ தோற்றுவிட்டாய் என்று நீயே நினைப்பது எனக்கு அதில் கேட்டது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு ஒரு நொடி, ஒரே நொடிதான், நிம்மதியாக இருந்தது. பாக்கியம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எனக்கு அப்படி இருந்தது. தீபாவளிக்கு நீ வரவில்லை. லீவு கிடைத்திருக்காது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பாக்கியத்திடம் போனேன். இப்போது அவள் பேக்கிங்கில் இருக்கிறாள், இடது கையால் லேபிள் ஒட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் என்று வேண்டுமென்றே சொன்னேன், என் மகள் பேர் வாங்குவது பொறுக்கவில்லை என்று சொன்னேன். அவள் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. செவத்துல அந்த ஏழு நம்பரப் பாத்ததுமே தெரியும். போர்மேன் சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? அது எந் தப்பு" என்றாள். பிறகு, "பாப்பாட்டச் சொல்லிட்டீகளா?" என்றாள். இல்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அது அங்கன உக்காந்து தன்னாலதான் எங்கை போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. வாரந்தவறாமப் போன் போட்டு வெரல் மடங்குதாக்கா, மடங்குதாக்கான்னு கேக்குது. நீங்க எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீக? மொதல்ல அதுகிட்டச் சொல்லுங்க. போங்க" என்றாள். நீ அவளுக்கு வாராவாரம் போன் போடுவது எனக்குத் தெரியாது. அந்த நிலைமையிலும் எனக்கு ஏன் அப்படிப் போடவில்லை என்று ஒரு வினாடி உள்ளே எரிந்தது. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்.

இந்தக் கடிதத்தை இன்னொரு தாளில் எழுதி முதலாளியிடமும் கொடுக்கப்போகிறேன். என்னை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் இஷ்டம். தனியாக உட்காரவைக்க மூன்று மாதம் என்று எழுதி மேடைக்கு எதிரே ஒட்டச் சொல்வேன். யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை, என்னைப் போல நாலு போர்மேன் படித்தால் நல்லது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் வேலைக்காரனாக ஒன்று சொல்கிறேன். அடுத்த கம்பெனிக்குப் போய் ஒரு நம்பர் கேட்கும்போது, அது எத்தனை என்று மட்டும் கேட்காதே. சொல்கிற ஆளுக்கு அதனால் என்ன வருகிறது, என்ன போகிறது என்று அவன் முகத்தையும் பார். ஒருவன் கோபப்பட்டு நம்பர் சொன்னால், அதை அடுத்தவனிடமும் கேள், அவன் உன் அப்பனாக இருந்தாலும். நீ இரண்டாம் தடவை வந்து கேட்டாயே, அது சரியான வேலை. மூன்றாம் தடவை என்னிடம் வராமல் பாக்கியத்திடம் போயிருக்கலாம். நீ போகாததற்குக் காரணம் நீ என்னை நம்பியதுதான். உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. என் பொய்யை உன் தப்பு என்று நினைத்துக்கொண்டு விடாதே.

அந்தக் காலண்டர் தாளை நீ போகும்போது அலமாரி மேல் சுருட்டி வைத்துவிட்டுப் போனாய். இன்று காலை எடுத்துத் தரையில் விரித்து நாலு பக்கமும் டம்ளரை வைத்தேன். நீ எழுதின '7'ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் தொண்ணூறு என்று எழுதினேன். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் அதில் இருக்கிறார்கள். புது ஆள் இருக்கிறது, கை படிந்த ஆள் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். நான் மட்டும் இல்லை. நீ என்னைப் படத்துக்கு வெளியே நின்று உண்மை சொல்கிறவன் என்று நினைத்துவிட்டாய். அதனால் நானே தொண்ணூறுக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு பெட்டி போட்டு, உள்ளே 'போர்மேன் பொறாமை' என்று எழுதி, அதிலிருந்து அந்த நாள் கணக்குக்கு ஓர் அம்பு இழுத்தேன். அந்தப் பெட்டிக்குள் அம்பு எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்தேன். 'பாப்பா' என்று எழுதிவிட்டு, அது உன்னிடமிருந்து வரவில்லை என்று அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், பரவாயில்லை. தாளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். வேலையை விடுவதற்கு முன்னால், இந்தப் பெட்டியையும் சேர்த்து ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்.

அப்பா